கொப்பு வழி

மலையணிலைக் கண்ணால் தேடினால் கழுத்து வலிதான் மிச்சம். முதலில் தரையைப் பார்க்க வேண்டும். பாதி கடித்த காய், புதிதாக நறுக்கிய காம்பு, ஈரம் உலராத தோல். எறும்பு இன்னும் வந்து சேரவில்லை என்றால் இப்போதுதான் விழுந்திருக்கிறது. அங்கேயே வாயை மூடிக்கொண்டு ஒரு மரத்தில் சாய்ந்துவிட்டால் போதும். சற்று நேரத்தில் மேலிருந்து இன்னொன்று விழும். அது விழுந்த கோட்டைப் பிடித்துக்கொண்டே கண்ணை மேலே விட்டால், இலைக்கு நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு முதுகு தெரியும்.

நான் சொல்வது பச்சைக்கூமாச்சி மலையை. வரைபடத்தில் மேகமலை. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஹைவேவிஸ் என்றார்கள். அந்தப் பெயரும் ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டது. சின்னமனூரில் வெயில் கொளுத்தும் நாளில் தென்பழனி சோதனைச்சாவடியைத் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில வளைவுகளில் முள்ளும் பாறையும்தான். பிறகு இலையுதிர் மரங்கள். இன்னும் ஆறேழு வளைவு இருக்கும்போதே சட்டையின் மேல் பொத்தானைப் போடத் தோன்றும். திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே கிடக்கும்: திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலை தொடங்குகிறது. மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகராசாமெட்டு என்று ஊர்கள் நீள்கின்றன. தேயிலையின் விளிம்பிலும் ஓடைப் பள்ளங்களிலும் வெட்டாமல் விட்ட பசுமைமாறாக் காடு உண்டு. மலையணிலின் குடித்தனம் அந்த விளிம்புகளில்தான்.

வீட்டு முற்றத்து அணிலை வைத்து இதைக் கற்பனை செய்யக் கூடாது. முதுகில் மூன்று கோடு போட்ட நம் அணில் ஏறக்குறைய 100 கிராம். இது ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வரும். தலையும் நடுமுதுகும் கருஞ்சிவப்பு. தோளும் பின்தொடையும் வாலும் கறுப்பு. வயிறும் கையின் உட்புறமும் வெளிர் மஞ்சள். இரண்டு காதுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. உடம்பைவிட வால் நீளம். வெயில் படாத இடத்தில் இருந்தால் அத்தனை நிறமும் அடங்கி, காய்ந்த கொப்பாகிவிடும். வெயில் விழும் துளைக்குள் அது தலையை நீட்டும் நொடியில்தான், இவ்வளவு நேரமும் இதைப் பார்த்துக்கொண்டா பார்க்காமல் இருந்தோம் என்று தோன்றும்.

அது சாப்பிடும் விதத்தைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். முற்றத்து அணில் குந்தி உட்கார்ந்து, வாலை முதுகோடு நிமிர்த்தி வைத்துக்கொண்டு கொறிக்கும். மலையணில் அப்படி உட்காருவதில்லை. கொப்புக்குக் குறுக்காக அமர்ந்து, பின்னங்கால் இரண்டாலும் கொப்பைப் பிடித்துக்கொண்டு, தலையையும் நெஞ்சையும் ஒரு பக்கம் தொங்கவிடும். வால் மறுபக்கம் தொங்கும். கொப்புதான் தராசின் முள். காயைப் பறிக்க முன்னால் நீளும்போது வால் பின்னால் விறைக்கிறது. காய் கைக்கு வந்ததும் தளர்கிறது. கைகள் இரண்டும் சும்மா இருப்பதால் காயை உருட்டி, திருப்பி, எந்தப் பக்கத்தில் தோல் மெலிசு என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. உள்ளங்கையின் உட்பக்கம் தடித்த மேடு ஒன்று உண்டு. கட்டைவிரல் செய்யும் வேலையை அது செய்கிறது. அவசரமே கிடையாது. ஆனால் சிக்கனமும் கிடையாது. ஒரு காயில் நான்கு கடி, பிறகு கையை விரித்துவிடும். கீழே விழுந்ததைத் திரும்பிப் பார்க்காது. அடுத்த காய்.

அந்த ஊதாரித்தனத்தை நம்பிக் கீழே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. பகலில் கடமான் வந்து பொறுக்கும். இரவில் முள்ளம்பன்றியும் சருகுமானும் வரும். அணில் இருந்த மரத்தடியில் மறுநாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் நேற்று விழுந்தவற்றில் பாதி இருக்காது. குளம்புத் தடம் இருக்கும். இதற்காகக் காடு வளர்க்கும் புண்ணியத்தையும் சேர்த்து இதன் கணக்கில் எழுதிவிடுவது பத்திரிகைக்காரர்களின் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. இருவாச்சி பழத்தை விழுங்கி விதையைத் தூரத்தில் போடுகிறது. மலையணிலோ விதையையே உடைத்துத் தின்கிறது. அதன் ஆரஞ்சு நிற முன்பற்கள் அதற்காகத்தான் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கின்றன. கை தவறி விழுந்து முளைத்தவை சில இருக்கும். காட்டுக்கு நன்மை செய்தால்தான் ஒரு பிராணி பிழைத்திருக்கலாம் என்று யார் சட்டம் போட்டது?

மாசி, பங்குனியில் காடு கொஞ்சம் வறளும். பழம் குறைவு. அப்போது வெடிப்பலா பூக்கிறது. பலா என்று பெயர் இருந்தாலும் இது இலவ மரத்துக்கும் டுரியானுக்கும் உறவு. பூவுக்கு இதழ் கிடையாது. கொப்பின் மேலேயே நேராக, பழுப்பேறிய குழல் குழலாக, கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு நிற்கும். சதைப்பற்றான அந்தக் குழல்தான் தீனி. களக்காடு முண்டந்துறைக் காட்டில் டி. கணேஷும் சௌபத்ரா தேவியும் இந்தப் பூவைத் தேடி வரும் விலங்குகளைக் கவனித்து 2000-ல் எழுதினார்கள். குரங்குகளோடு மலையணிலும் அந்தப் பந்தியில் உண்டு. மேகமலையிலும் அதே காட்சிதான். கருமந்திக் கூட்டம் மரத்தின் ஒரு பக்கத்தை அலசிவிட்டுப் போகும். அணில் மறுபக்கத்தில் ஒரு கொப்பைத் தனக்கென்று வைத்துக்கொண்டு நுனியிலிருந்து அடிவரை வரிசையாகத் தின்றுகொண்டு வரும். மந்திக் குட்டி ஏதாவது பக்கத்தில் வந்தால் வாலை ஒரு வெட்டு வெட்டும். சண்டைக்குப் போகாது, இடத்தையும் விடாது. மழைக்காலத்தில் அதே மரத்தில் முள் போர்த்திய காய்கள் முற்றும். கையில் தொடவே கூசும் அந்தக் காயை உள்ளங்கையில் உருட்டி, முள்ளை ஓரமாகக் கொறித்துத் தள்ளி, உள்ளே இருக்கும் விதைக்கு வழி போடுவதைப் பார்க்க வேண்டும். ஒரு காய்க்குக் கால் மணி நேரம் ஆனாலும் பொறுமை குறைவதில்லை. தோட்டத்துப் பலாவில் இந்தப் பாடு இல்லை. பழுத்த வாசனை வந்ததும் ஒரு துளை போட்டு, தலையைக் காது வரை உள்ளே விட்டுவிடும். அப்போது மட்டும் அதற்கு உலகம் தெரியாது. நம் பக்கம் வால் மட்டும்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

நாள் கணக்கு எளிது. விடிந்து வெளிச்சம் கொப்பு தெரிகிற அளவுக்கு வந்ததும் கூட்டிலிருந்து தலை நீட்டும். கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகிற நேரம் அது. வெயில் ஏறும்வரை தீனி. பதினொரு மணி வாக்கில் எல்லாம் அடங்கிவிடும். அகலமான கொப்பு ஒன்றைத் தேர்ந்து, வயிற்றை அதில் அப்பி, நான்கு கால்களையும் இரு பக்கமும் தொங்கவிட்டு, தாடையை மரத்தில் வைத்துத் தூங்கும். பகல் தூக்கத்தை இவ்வளவு வெட்கமில்லாமல் தூங்கும் பிராணி இந்தக் காட்டில் வேறில்லை. கண் முழுக்க மூடுவதில்லை. மேலே நிழல் ஒன்று கடந்தால் காது திரும்பும். மூன்று மணிக்கு மேல் மறுபடி தீனி. இருட்டுவதற்கு முன்பே கூடு. இரவில் அதற்கு வேலை இல்லை. சாரல் பிடித்த நாளில் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது. வாலை முதுகில் போர்த்திக்கொண்டு தண்டோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு அட்டைதான் துணை. செருப்புப் போட்டுப் போவதா, பூட்ஸ் போட்டுப் போவதா என்று என்னிடம் கேட்டால் செருப்பு என்பேன். அட்டை ஏறுவது உடனே தெரியும்.

தனியாகத்தான் பார்க்க முடியும். ஒரு மரத்தில் இரண்டு தெரிந்தால் ஒன்று துரத்துகிறது என்று பொருள். அல்லது இணை சேரும் காலம். அப்போது கொப்புக்குக் கொப்பு ஓட்டம், தண்டைச் சுற்றித் திருகு ஓட்டம், இடையில் நின்று மூச்சு வாங்கல், மறுபடி ஓட்டம். மற்ற நாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரம், அதற்குள் பழகிய தடம். எந்தக் கொப்பிலிருந்து எந்தக் கொப்புக்கு என்பதை அது தினமும் புதிதாக யோசிப்பதில்லை. பார்த்துப் பழகினால் நமக்கும் மனப்பாடம் ஆகிவிடும்: இந்த நாவலில் ஏறி, அந்தக் குங்கிலியத்துக்குத் தாவி, அதன் இரண்டாவது கவையில் நின்று ஒருமுறை கத்திவிட்டு, ஓடைக்கு மேலே போகும்.

கூடு ஒன்றல்ல. ஒரே அணில் ஒரே காலத்தில் நாலைந்து கூடு வைத்திருக்கும். ஒன்று குட்டிக்கு, மற்றவை படுக்க. முதலில் இலையோடு கூடிய சுள்ளிகளைக் கடித்து எடுத்து, கவையில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகும். பிறகு உள்ளே புகுந்துகொண்டு இலையை உள்ளிருந்து இழுத்து அமுக்கும். வெளியே நிற்பவனுக்குக் கூடு தானாக அசைவதுதான் தெரியும். முடிந்த பிறகு கூடையளவு இருக்கும். மரத்தின் நடுவில் கட்டினால் பத்திரம் என்று நமக்குத் தோன்றும். அது நுனியில் கட்டுகிறது. மெலிந்த கொப்பில், ஏறினால் ஒடியும் இடத்தில். கனமான மிருகம் அங்கே வர முடியாது. அந்த நுனி பக்கத்து மரத்தின் நுனியோடு உரசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. கூட்டுக்கு ஒரு வாசல், தப்பிக்க ஒரு கொப்பு.

தப்பிக்க வேண்டியது பெரும்பாலும் மேலிருந்து வருகிறவனிடமிருந்து. கருங்கழுகு காட்டின் தலையை உரசிக்கொண்டு, இறக்கையை அடிக்காமல், மிக மெதுவாகப் போகும். வேகமாக வேட்டையாடும் பறவையைப் பார்த்துப் பழகியவனுக்கு அதன் நிதானம் ஏமாற்றமாக இருக்கும். அது மரத்தின் தலை ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டு போகிறது. பறவைக்கூடோ அணில்கூடோ கிடைத்தால் காலால் அப்படியே பிய்த்து எடுத்துவிடும். அது வரும்போது மலையணில் செய்வது இரண்டில் ஒன்று. தூரத்தில் என்றால் கத்தும். டர்ர்ர் என்று ஒரு உருட்டல், பிறகு சட் சட் சட் என்று தனித்தனியாக. இவ்வளவு பெரிய சத்தம் இரண்டு கிலோ உடம்பிலிருந்து வருகிறது என்று முதல் முறை கேட்பவர் நம்ப மாட்டார். கருமந்தி அதைக் கேட்டுத் தலை தூக்கும்; மந்தி கத்தினால் அணில் கேட்கும். கழுகு தலைக்கு மேலே வந்துவிட்டால் சத்தமே இருக்காது. கொப்பில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். கழுகு போன பிறகும் கால் மணி, அரை மணி அப்படியே. பார்ப்பவன் பொறுமையை அப்போதுதான் அளந்து கொள்ளலாம். பெரும்பாலும் நான்தான் முதலில் அசைவேன்.

இந்த மலையின் பிராணிகளை உட்கார்ந்து பார்த்து எழுதியவர்களில் ஆங்கஸ் ஹட்டன் முக்கியமானவர். தோட்டக்காரர். ஹைவேவிஸ் மலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1949-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தன. அவர் 1948-ல் இங்கே பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், அந்தக் கழகத்தின் சேகரிப்பில் வேறொரு சாதாரண வௌவாலின் பெயர்ச்சீட்டோடு இருந்தது. 1972-ல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினமே என்று கண்டு, சாலிம் அலியின் பெயரை வைத்தார். உயிரோடு மறுபடி அது கையில் கிடைத்தது 1993-ல், இதே மலையில். மலையணில் கூட்டுக்குள் போன பிறகு அது தின்ற அத்தி மரத்துக்கு வருகிற விருந்தாளிகளில் அந்த வால் இல்லாத வௌவாலும் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். பகலின் பிராணியைப் பார்க்கப் போகிறவனுக்கு அதற்கு மேல் உரிமை இல்லை.

மலையை விட்டு இறங்கினால் ஆள் மாறுகிறது. ஈரக்காடு முடிந்து காய்ந்த காடு தொடங்கும் சரிவுகளில், ஓடையோரங்களில், வருசநாட்டுப் பக்கத்து மாந்தோப்பிலும் புளியந்தோப்பிலும் இருப்பது நரையணில். அளவில் கொஞ்சம் சிறிது. பழுப்பும் சாம்பலுமான மயிரின் நுனியெல்லாம் வெள்ளை. அதனால்தான் அந்தப் பெயர். உலகத்தில் இது இருப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும். இதற்காகவே 1988-ல் திருவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். ஜஸ்டஸ் ஜோஷுவா அந்தக் காட்டில் இந்த அணிலின் பின்னாலேயே அலைந்து ஆராய்ந்தவர்; அவரும் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் சேர்ந்து, மனிதர்களின் இடையூறு இதன் வாழ்விடத்தை என்ன செய்கிறது என்று 1994-ல் எழுதினார்கள். 2021 பிப்ரவரியில் அந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். நாட்டின் 51-வது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இப்போது ஈரமலையின் கருஞ்சிவப்பு அணிலும் காய்ந்த சரிவின் நரையணிலும் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே குடியிருக்கின்றன. பலகையில் புலி படம்தான். மகாராஷ்டிரத்தில் மலையணிலை மாநில விலங்காக வைத்திருக்கிறார்கள். பீமாசங்கர் சரணாலயத்தை 1985-ல் அதற்காகவே அமைத்தார்கள். நமக்கு வரையாடு. அதில் எனக்குக் குறையில்லை.

நரையணிலைப் பார்ப்பதற்கு மலையணிலுக்கு வேண்டிய பொறுமை வேண்டாம். தோப்புக்காரரின் பொறுமை வேண்டும். இளநீரில் துளை போடுகிறது, மாம்பிஞ்சைக் கடித்துப் போடுகிறது, இலவங்காய் முற்றும் முன்பே உதிர்க்கிறது என்று குறைகள் நிறைய. ஒரு புளியந்தோப்புக் காவல்காரப் பெரியவரிடம், விரட்ட மாட்டீர்களா என்று கேட்டேன்.

“விரட்டாம? கவணை எடுத்தா அது பாட்டுக்கு அந்தப் பக்கத்து மரத்துக்குப் போயிரும் தம்பி. நா இந்தப் பக்கமா வந்தா அது அந்தப் பக்கம். இந்த வயசுல என்னால அதோட சுத்த முடியுமா? தின்னுட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு, “இந்த மரத்துல கொப்பை ஒதுக்கிவிட்டா வராது. ஆனா ஒதுக்கினா நெழல் போயிரும்ல?” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு அணிலுக்கும் தரை என்பது இல்லாத இடம். பிறந்ததிலிருந்து சாகும்வரை காலை மண்ணில் வைக்காமலே போய்விடுகிறவை எத்தனையோ. நல்ல தாவலில் 20 அடி கடக்கும் என்கிறார்கள். உயரத்திலிருந்து தாழ்வுக்கு என்றால் அதை நானும் நம்புவேன். ஆனால் எட்டிப் பிடிக்க எதிரே ஒரு நுனி வேண்டும். காட்டின் பரப்பு எத்தனை ஏக்கர் என்று நாம் கணக்குப் போடுகிறோம். அதன் கணக்கில் ஒரே கேள்விதான்: இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் கொப்பு தொடுகிறதா? நூறு பெரிய மரங்கள் தள்ளித் தள்ளி நின்றால் அது தோட்டம். முப்பது மரங்கள் கைகோத்து நின்றால் அது ஊர்.

தேயிலை இந்த மலைக்கு வந்தபோது அந்தக் கைகள் பல இடங்களில் விடுபட்டன. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் நேராக வளர்கிறது. அதன் பக்கக் கொப்புகளைக் காலாகாலத்தில் கழித்துவிடுகிறார்கள். அணில் அதில் ஏறும், அடுத்ததற்குத் தாவவும் செய்யும், ஆனால் நடுவில் எங்காவது ஒன்று பட்டுப்போனால் வழி அறுந்தது. பிறகு சாலை. பிறகு மின்கம்பி. ஒரு மதியம் ஒரு கருஞ்சிவப்பு அணில் சாலையின் மேல் பக்கத்து நாவலின் கடைசிக் கொப்புக்கு வந்து நின்றது. எதிர்ப்பக்கத்து மரத்தில் அத்தி பழுத்துக் கிடந்தது. முன்பு அந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். வெட்டுப்பட்ட இடம் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. அணில் தலையைத் தாழ்த்தியது, உயர்த்தியது. பக்கவாட்டில் அசைத்துத் தூரம் பார்த்தது. பின்னங்கால் ஒடுங்கியது. தாவப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்தேன். தாவவில்லை. இரண்டடி பின்னால் போய் மறுபடி வந்து பார்த்தது. ஒரு ஜீப் கீழே கடந்தது. அது திரும்பி, வந்த வழியே போய், ஓடைப் பள்ளத்தைச் சுற்றி, சாலை குறுகும் ஒரு திருப்பத்தில் மூங்கில் வளைந்து குறுக்கே கிடந்த இடத்தில் கடந்து, அத்திக்கு வந்து சேர்ந்தபோது முக்கால் மணி ஆகியிருந்தது. சாலையின் அகலம் பத்தடி. இறங்கி ஓடினால் நான்கு எட்டு. இறங்கி ஓடுகிற அணில்களும் உண்டு. தோட்டத்து நாய்களுக்கு அவற்றைத் தெரியும்.

வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் சாலைக்குக் குறுக்கே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிவிட்டார்கள். சிங்கவால் குரங்குகளுக்காகக் கட்டியது. அவை அதில் போகப் பழகிக்கொண்டன. நல்ல வேலை. ஆனால் பாலம் கட்டுவதற்கு முந்தைய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை: எந்தக் கொப்பு வழியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் விட்டு மற்றதை வெட்டுவது. லாரி போகிற உயரம் தரையிலிருந்து எத்தனை அடி என்பது எல்லாருக்கும் தெரியும். அணில் போகிற உயரம் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். இரண்டும் மோதவே வேண்டாம். இருந்தும் மழைக்கு முன்னால் ஒதுக்க வருகிறவர்கள் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வழித்துவிடுகிறார்கள். சீராக இருந்தால்தான் வேலை பார்த்தது மாதிரித் தெரிகிறதாம். முன்பெல்லாம் துப்பாக்கியோடு வந்து சுட்டுத் தின்றார்கள். வனவிலங்குச் சட்டம் அதைப் பெரும்பாலும் நிறுத்தியது. அரிவாளுக்கு அப்படி ஒரு சட்டம் போட முடியாது. மரத்துக்கு மேலே ஏறியிருக்கிற ஆளிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

போன தடவை பேசினேன். வளைவு ஒன்றில் நான்கு பேர். ஒருவர் மேலே, இருவர் கயிறு பிடிக்க, ஒருவர் வண்டியை நிறுத்த. மேலே இருந்தவருக்கு என் வயதிருக்கும். அந்த உச்சிக் கொப்பை விட்டுவிட முடியுமா, அணில் அதில்தான் கடக்கிறது என்றேன்.

“எந்தக் கொப்புண்ணே?”

காட்டினேன்.

“இதா? இதுல இப்பத்தான் ஒண்ணு போச்சு. என்னைப் பாத்து வையிது பாருங்க, ஒரு வைவு!” கீழே இருந்த இளைஞர்கள் சிரித்தார்கள். அவர் அந்தக் கொப்பைக் காலால் மிதித்து ஆட்டிப் பார்த்தார். “கம்பிக்குப் படாது. விட்டுர்றேன். மேஸ்திரி கேட்டா நீங்க சொன்னீங்கன்னு சொல்லவா?”

சொல்லுங்கள் என்றேன்.

“சரி, நீங்க யாருன்னு கேப்பாரே?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கவைக்கு இறங்கினார். “தள்ளி நில்லுங்கண்ணே, கொப்பு விழுது” என்று கத்தினார்.